அக்குள் கருமையும் லேசர் ஒளியும்

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிகளைக் கடந்து பாலக்காட்டிலிருந்தும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு வழியாக இடுக்கியிலிருந்தும் நாள்தோறும் பேருந்துகள் கிழக்கே இறங்குகின்றன. திருமணப் பட்டு, விதை, உரம், உறவினர் வீடு, மருத்துவம் என அவற்றில் பயணம் செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை உண்டு. அண்மை ஆண்டுகளில் அத்தேவைகளோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கோவையிலும் பொள்ளாச்சியிலும் தேனியிலும், மறுபுறம் திருச்சூரிலும் கொச்சியிலும், தோலுக்கும் கூந்தலுக்குமான சிகிச்சை நிலையங்களின் பலகைகள் பெருகிவிட்டன. அக்குளின் கருமையை லேசர் ஒளியால் போக்கிக்கொள்ளலாம் என்பது அப்பலகைகள் தரும் வாக்குறுதிகளுள் ஒன்று.

அக்குள், கக்கம், கம்புக்கூடு என ஊருக்கொரு பெயர் கொண்ட இந்த இடத்தைப் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. திருமணத்துக்கு நாள் குறித்த பெண்ணும், கையில்லாச் சட்டை அணிந்து உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞரும் தமக்குள் வைத்துக்கொண்டு வருந்துவர். பிறகு ஒருநாள் சேமிப்பை எடுத்துக்கொண்டு நேரே லேசர் நிலையத்துக்குச் செல்வர். அந்தப் பயணத்துக்கு முன்னர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். லேசர் பயனற்றது என்று நாம் கூற வரவில்லை. நம் போன்ற மாநிறத்தோருக்கும் கருநிறத்தோருக்கும் அது இறுதிப் படியாக இருக்க வேண்டியது; முதற்படியாக வைத்துக்கொள்வோர் பணத்தை இழப்பதோடு, உடல் தரும் ஓர் எச்சரிக்கையையும் தவறவிடக்கூடும் என்பதே நம் கருத்து.

தோல் கருப்பதன் காரணங்கள்

மனிதர் எந்நிறத்தவராயினும் தோலில் நிறமி செய்யும் உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் மெலனின் மணிகளின் அளவிலும் பருமனிலும்தான் வேறுபாடு. கருநிறத் தோலில் இந்த உயிரணுக்கள் சுறுசுறுப்பானவை. சிறிய சீண்டலுக்கும் நிறமியைக் கூடுதலாகச் சுரந்துவிடும். கொசு கடித்த இடம் மாதக்கணக்கில் கரும்புள்ளியாக நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அக்குளிலோ சீண்டலுக்குப் பஞ்சமில்லை. வியர்வை, மடிப்புகளின் உராய்வு, இறுக்கமான செயற்கை இழைத் துணி, மழிக்கும் கத்தி, மயிர் நீக்கும் களிம்பு, மெழுகு, வாசனைத் தெளிப்பான் என ஒவ்வொன்றும் தன் பங்கைச் செலுத்துகிறது. மூணாற்றின் தேயிலைத் தோட்டத்தில் சேலைமேல் முழுக்கைச் சட்டையும் அதன்மேல் மழைக்கான நெகிழித் தாளும் அணிந்து நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும், பங்குனி வெயிலில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயலிலும் தென்னந்தோப்பிலும் வேலை செய்வோருக்கும் இந்த உராய்வும் வியர்வையும் பிழைப்பின் ஒரு பகுதி.

இவ்வகைக் கருமை தட்டையாக இருக்கும். தடவிப் பார்த்தால் தோலின் மென்மை மாறியிருக்காது. சீண்டும் பொருளை நிறுத்தினால் மெல்ல மெல்ல, மாதங்களில், குறையும்.

கிருமிகளால் வரும் கருமை வேறு. ஈரமும் வெப்பமும் சேர்ந்த மடிப்புகளில் ஒருவகை நுண்கிருமி குடியேறிப் பழுப்புச் சிவப்பான, மெல்லிய செதில் கொண்ட திட்டை உண்டாக்கும். தோல் மருத்துவர் இருட்டறையில் வுட் விளக்கு எனப்படும் புற ஊதா விளக்கைக் காட்டினால் அத்திட்டு பவளச் சிவப்பாக ஒளிரும். உரிய நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பே இதற்குப் போதும். படர்தாமரை எனும் பூஞ்சைத் தொற்றும் அவ்வாறே குணப்படுத்தக்கூடியது. ஆனால் நம் ஊர்களில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் அதனைக் குணப்படுத்தாமல் மறைத்துவைக்கின்றன. அவற்றில் உள்ள ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். பூஞ்சையோ உள்ளே பரவும். தோல் மெலிந்து வரி விழும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு இருந்த சலுகையை நடுவண் அரசு 2018ஆம் ஆண்டில் நீக்கியது. கடைகளில் வழக்கம் முற்றிலும் மாறிவிட்டது என்று சொல்ல இயலாது.

இம்மூன்றையும் விட நாம் அதிகம் நின்று பேச வேண்டியது நான்காவது காரணம்.

வெல்வெட்டுத் துணி போன்ற தடிப்பு

அக்குளின் கருமை தடித்து, வரிவரியாக, தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல இருக்கிறதா? அதே போன்ற கருமை பிடரியிலும் தொடை இடுக்கிலும் உண்டா? கழுத்தைச் சுற்றிச் சிறு மருக்கள் தோன்றியுள்ளனவா? அப்படியானால் அது அழுக்கும் அன்று, உராய்வால் மட்டும் வந்ததும் அன்று. மருத்துவர்கள் இதனை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பர். 1890ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பியத் தோல் மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்த இந்நிலைக்கும் இன்சுலினுக்கும் உள்ள உறவு 1976இல் அமெரிக்க ஆய்வாளர்களால் தெளிவாக்கப்பட்டது.

உறவு இதுதான். உடலின் தசைகளும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லைக் கேளாமற்போகும்போது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முயலும். அவ்வாறு இரத்தத்தில் மிகுந்துவிட்ட இன்சுலின், தோலில் வளர்ச்சியைத் தூண்டும் வேறு வாயில்களையும் தட்டத் தொடங்குகிறது. தோலின் மேலடுக்கு பெருகித் தடிக்கிறது, மடிப்புகள் கருக்கின்றன. ஆக, நாம் கறை என்று எண்ணித் தேய்ப்பது, கணையம் தன் வலிமைக்கு மீறி உழைத்துக்கொண்டிருப்பதன் அடையாளம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கணையம் ஈடுகொடுக்கும் வரையில் இரத்தச் சர்க்கரை இயல்பான அளவிலேயே இருக்கலாம். தோல் முன்னதாகக் கருத்திருக்கும். சர்க்கரை பல ஆண்டுகள் கழித்து ஏறும். அந்த இடைவெளியே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ஒருமுறை சோதித்து இயல்பாக வந்துவிட்டது என்று அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல், ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால், அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. வெறும் வயிற்றில் 126, ஹெச்பிஏ1சியில் 6.5 என்பன நீரிழிவின் தொடக்க எல்லைகள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்த அந்த ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடியைத் தாண்டிவிட்டனர்; முந்தைய நிலையில் இருப்போர் 13 கோடியே 60 லட்சம். நாடு முழுமைக்கும் நீரிழிவு 11.4 விழுக்காடாக இருக்க, கேரளத்தில் அது 25.5 விழுக்காடு. நான்கு பெரியவர்களில் ஒருவர். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கணக்குக்குப் புறம்பானவை என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

இளம்பெண்களிடம் இத்தடிப்பு மாதவிலக்குத் தாமதத்தோடும் முகத்தில் மயிர் வளர்ச்சியோடும் சேர்ந்து காணப்பட்டால், சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறியையும் மருத்துவர் ஆராய்வார். சிறுவர், சிறுமியரின் பிடரி கருப்பதைத் தாய்மார் பீர்க்கங்கூட்டால் அழுத்தித் தேய்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். குழந்தைக்கு வலியும் நாணமும் மிஞ்சுமேயன்றிக் கருமை போகாது. தேய்க்கத் தேய்க்க உராய்வுக் கருமையும் அதனோடு சேரும்.

மிக அரிதாக வேறொன்றும் நேரலாம். நடு வயதைக் கடந்த, உடல் பருமனற்ற ஒருவருக்குச் சில மாதங்களுக்குள் இத்தடிப்பு விரைந்து பரவி, உள்ளங்கையிலும் வாயினுள்ளும் தோன்றி, உடல் எடையும் குறைந்து வந்தால், வயிற்றுப் புற்றுநோய் முதலானவற்றின் அறிகுறியாக அது இருக்கக்கூடும். அவர் செல்ல வேண்டிய இடம் பெரிய மருத்துவமனை. அழகு நிலையம் அன்று. சில மருந்துகளாலும் இக்கருமை வருவதுண்டு என்பதால், உட்கொள்ளும் மருந்துச் சீட்டுகளை மருத்துவரிடம் காட்டுவது நன்று. கருவுற்ற காலத்தில் வரும் கருமையைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. பேறுகாலத்துக்குப் பின் பெரும்பாலும் தானே தணியும்.

இன்சுலின் காரணமாக வந்த தடிப்பு, உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இளகத் தொடங்குவதுண்டு. 80 கிலோ எடையுள்ளவருக்கு 4 முதல் 8 கிலோ. அதைச் செய்யாமல் மேலே ஒளி பாய்ச்சினால், கருமை குறைந்தாலும் மீண்டும் வரும். தூண்டுகின்ற இன்சுலின் உள்ளே அப்படியே இருக்கிறதே.

ஒளி செய்யும் வேலை

காரணத்தைக் கண்டு சீர்செய்த பின்னும் கருமை எஞ்சியிருந்தால் லேசரைப் பற்றி எண்ணலாம். 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே சின்சினாட்டி நகரின் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் சோதிக்கத் தொடங்கிவிட்டார். எனினும் அதனைத் துல்லியக் கருவியாக்கிய கருத்து 1983இல்தான் வந்தது. ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு மருத்துவர்கள் எழுதிய அக்கட்டுரையின் சாரத்தை நம் அடுக்களையிலிருந்தே விளக்கிவிடலாம். தாளிக்கும்போது கடுகு வெடிக்க வேண்டும். கறிவேப்பிலை கருகக் கூடாது. அதற்குச் சூடும் நேரமும் கணக்காக அமைய வேண்டும். அவ்வாறே, மெலனின் மட்டும் மிகுதியாக உறிஞ்சும் ஒளியைத் தேர்ந்து, அந்த மணியின் வெப்பம் அண்டைத் திசுவுக்குப் பரவுவதற்குள் துடிப்பை முடித்துவிட்டால், மணி சிதறும், சுற்றுப்புறம் பிழைக்கும். சிதறிய துகள்களை உடலின் துப்புரவு உயிரணுக்கள் சில வாரங்களில் அகற்றும். இதற்காகவே கியூ-ஸ்விட்ச் எனப்படும் கருவிகள் ஒரு விநாடியை நூறு கோடியாகப் பகுத்ததில் சில பங்கு நேரமே ஒளிரும்.

கருநிறத் தோலின் சிக்கல் இவ்விடத்தில் தொடங்குகிறது. நீக்க வேண்டிய கருமையும் மெலனின். நமக்கு இயற்கை தந்த நிறமும் மெலனின். ஒளிக்கு இரண்டும் ஒன்றே. வெளிர்நிறத்தவருக்குப் பொருந்தும் ஆற்றலை நம் தோலில் செலுத்தினால் மேலடுக்கே வெப்பத்தை விழுங்கிவிடும். கொப்புளம் வரலாம். கொப்புளம் ஆறிய இடத்தில், சீண்டலுக்குச் சட்டென்று வினைபுரியும் அந்த உயிரணுக்கள் முன்னிலும் மிகுந்த நிறமியைச் சுரக்கும். கருமையைப் போக்கச் சென்றவர் இருமடங்கு கருமையோடு திரும்புவது இப்படித்தான். ஆற்றலைக் குறைத்து அடிக்கடி செலுத்தும் முறையிலும் இடர் இல்லாமலில்லை. அமர்வுகள் மிகுந்தால் மழைத்துளி தெறித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள் விழுவதுண்டு, அவை மறைய நெடுநாள் ஆகும், சில மறையாமலும் போகும்.

தோலின் நிறத்தை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டும் பட்டியல் ஒன்றை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் அதனை வகுத்தபோது வெள்ளையருக்கான நான்கு வகைகளே அதில் இருந்தன. பழுப்பும் கருப்பும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. தென்னிந்தியர் பெரும்பாலோர் நான்கு, ஐந்து ஆகிய வகைகளில் அடங்குவர். பட்டியலில் நாம் பிந்திச் சேர்ந்தவர்கள் என்பது வெறும் வரலாற்றுச் செய்தி அன்று. அக்குள் கருமைக்கான லேசர் ஆய்வுகள் இன்றும் சிறியவை. பல, விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்டவை. அக்குளின் வெல்வெட்டுத் தடிப்பு அலெக்ஸாண்ட்ரைட் லேசரால் பெரிதும் நீங்கியதாக 2004இல் வெளிவந்து, இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை, ஒரே ஒரு நோயாளியைப் பற்றியது. 'நூறு விழுக்காடு உறுதி' என்று எவரேனும் கூறினால் அவ்வுறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை.

நம் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் லேசர். இந்த ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஆகவே மேலடுக்கைப் பெரிதும் சுடாமல் ஆழத்துக்குச் செல்லும். 755 நானோமீட்டர் கொண்ட அலெக்ஸாண்ட்ரைட்டை மெலனின் மிகுதியாக உறிஞ்சுவதால் கருநிறத்தில் அது இடர் கூடியது. நிலையத்துக்குச் செல்வோர் கருவியின் பெயரையும் அலைநீளத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சொல்லத் தெரியாதவர் கையில் அக்கருவி இருக்கக் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. நம் மதிப்பீட்டில் பலருக்கு அதுவே பொருத்தமானது. கருமைக்கு மழிப்பும் மெழுகும் களிம்புமே காரணம் என்றால், நிறமியைத் தாக்குவதற்கு மாறாக மயிர்க்கால்களை லேசரால் நலியச் செய்யலாம். மயிர் குறைந்தால் மழிப்பு நிற்கும். மழிப்பு நின்றால் சீண்டல் நிற்கும். தோல் தானே தெளியும். இதற்கும் நம் நிறத்துக்கு ஏற்றது நீள்துடிப்பு என்டி-யாக். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு அல்லது எட்டு அமர்வுகள் வேண்டியிருக்கும். கிடைப்பது மயிரின் நிலையான குறைப்பே. முற்றான நீக்கம் என்று விளம்பரம் கூறுமேல் அது மிகை.

களிம்புகளைப் பற்றி ஒரு சொல். தோல் மருத்துவர் எழுதித் தரும் அசெலாயிக் அமிலம், ரெட்டினாய்டு, யூரியா கலந்த பூச்சுகள் பலருக்குப் பயன் தருகின்றன, செலவும் குறைவு. அக்குளின் மென்தோலில் இவை எரிச்சல் தரும் என்பதால் அளவு மருத்துவர் சொன்னபடியே இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் தேய்ப்பது தோலைப் புண்ணாக்கிக் கருமையைக் கூட்டும். பயத்தமாவு போட்டுக் குளிப்பதில் தீங்கில்லை, பெரும்பயனும் இல்லை.

தெருக்கடையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் பெயர் தெரியாத வெண்மைக் களிம்புகளோ வேறு கதை. பாலக்காட்டை அடுத்த மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகை நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தனர். 15 பேரிடம் வழக்கத்தில் அரிதான ஒரு வகை மாற்றம் தென்பட்டது. அவர்களுள் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பைப் பயன்படுத்தியவர்கள். காரணமாக அமைந்தது அக்களிம்புகளிலிருந்த பாதரசம். கண்ணுக்கான பூச்சுகள் தவிர்ந்த அழகுப் பொருள்களில், தற்செயலாகக் கலந்திருந்தாலும், பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கலாகாது என்பது இந்திய விதி. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் சோதனைகளைத் தொடங்கியது. தயாரிப்பாளரின் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவை, உறவினரே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாலும், பயன்படுத்தாதிருப்பதே நன்று.

பணக் கணக்கு

வங்கியின் இதழில் இதைக் கூறாமல் விட முடியாது. உடல்நலக் காப்பீடு உண்டு, பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். தோற்றத்தை மாற்றுவதற்கான சிகிச்சை, விபத்து, தீப்புண், புற்றுநோய் ஆகியவற்றின் பின்னான சீரமைப்பாகவோ மருத்துவத் தேவையாகவோ இருந்தாலன்றி, காப்பீட்டில் அடங்காது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது விலக்குகளில் ஒன்று. அழகுக்கான சிகிச்சை, மருத்துவச் சேவைக்குரிய ஜிஎஸ்டி விலக்கிலும் சேராது. ஆகவே சொல்லப்படும் கட்டணம் வரியுடன் கூடியதா என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

அடுத்தது 'வட்டியில்லாத் தவணை'. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆறு அமர்வுகளுக்கு 30,000 ரூபாய், மாதம் 5,000 வீதம் ஆறு தவணை, வட்டி இல்லை என்கிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 27,000 போதும். தவணைக்குச் செயலாக்கக் கட்டணம் 600 ரூபாய் முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உண்மையில் நமக்குக் கிடைக்கும் கடன் 26,400 ரூபாய்; திருப்பித் தருவது 30,000. ஆறே மாதங்களில் மாதந்தோறும் குறைந்துவரும் நிலுவைக்கு இந்த 3,600 ரூபாயை வட்டியாகக் கணித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 45 விழுக்காடு ஆகிறது. சுழிய விழுக்காடு வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விழுக்காட்டைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் தருபவர் வழங்கியாக வேண்டும். கையெழுத்திடும் முன் அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். எம் வங்கிக் கிளையில் தனிநபர் கடன் கேட்டு வருபவருக்கும் இதே விதிதான். இந்தச் சிகிச்சைக்கென்று எவரும் எம்மிடம் கடன் பெறுவதை விட, இருக்கும் சேமிப்பிலிருந்து அமர்வுக்கு அமர்வு செலுத்துவதையே விரும்புவோம்.

அமர்வுக்கு அமர்வு செலுத்துவதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. முதல் அமர்வுக்கு முன் ஓரிடத்தில் மட்டும் சிறு சோதனை செய்து, குறைந்தது நான்கு வாரம் காத்திருந்து, கருக்கிறதா வெளுக்கிறதா என்று பார்ப்பது நம் நிறத்தோருக்கு இன்றியமையாதது. முழுத்தொகையையும் கட்டிவிட்டவர் சோதனையில் தோல் கருத்தாலும் தொடரும் மனநிலைக்குத் தள்ளப்படுகிறார். மூணாற்றிலிருந்து தேனிக்கோ, அட்டப்பாடியிலிருந்து கோவைக்கோ செல்லும் பேருந்துக் கட்டணத்தையும் ஒவ்வொரு முறையும் இழக்கும் நாள் கூலியையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை தருபவர் தோல் மருத்துவத்தில் பட்டமோ பட்டயமோ பெற்றவரா, மாநில மருத்துவக் குழுமத்தில் பதிவு எண் உண்டா என்று பார்க்க வேண்டும். எல்லையின் இருபுறமும் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்வதற்குச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் சட்டம், கேரளத்தில் 2018ஆம் ஆண்டின் சட்டம். பதிவுச் சான்று சுவரில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறைபாடு நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். அதற்கு ரசீதும், சிகிச்சைக்கு முன் எடுத்த படமும், பயன்படுத்திய ஆற்றல் அளவு குறித்த பதிவும் கையில் இருக்க வேண்டும்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஓர் இடர் மொழி. கொச்சியில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் கண்ணை மூடிக் கையெழுத்திடுவோர் நம்மிடையே உண்டு. நோயாளிக்குப் போதிய விவரம் புரியும்படி சொல்லப்பட்டாலன்றி அவரது ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்துள்ளது. எனக்குத் தமிழில் விளக்குங்கள் என்று கேட்பது உரிமை. அதில் கூச்சத்துக்கு இடமில்லை.

முதற்படியான பரிசோதனைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. சித்தூர், அடிமாலி, பீருமேடு, நெடுங்கண்டம் ஆகிய ஊர்களின் வட்ட மருத்துவமனைகளிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளலாம். தோல் மருத்துவரின் கருத்தை வேண்டுவோர் பாலக்காட்டிலும் தேனியிலும் கோவையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குச் செல்லலாம். இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தே அரசு மருத்துவரிடம் பேசவும் வழி இருக்கிறது.

இவை யாவும் முடிந்து லேசர் என்றே முடிவானால், காலத்தையும் எண்ணுங்கள். பாலக்காட்டில் மாசி, பங்குனியில் வெப்பம் 40 பாகையை நெருங்கும். வியர்வையும் உராய்வும் மிகும் அம்மாதங்களில் ஒளிபட்ட தோல் ஆறுவது கடினம். இடுக்கியில் தென்மேற்குப் பருவமழையின்போது நெகிழித் தாளுக்குள் நாள் முழுதும் புழுங்கி வேலை செய்வோருக்கும் அதே நிலை. கார்த்திகை முதல் தை வரையிலான குளிர்ந்த மாதங்கள் ஏற்றவை. அமர்வின்போது மருத்துவரும் நோயாளியும் கண்காப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். முடிந்த பின் ஒரு வாரத்துக்கு மழிப்பும் வாசனைத் தெளிப்பானும் கூடாது. தளர்ந்த பருத்தி ஆடை போதும். கொப்புளமோ, நாளுக்கு நாள் கூடும் எரிச்சலோ கண்டால் அடுத்த அமர்வு நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தை மாதத்தில் திருமணம் வைத்திருப்பவர் மார்கழியில் முதல் அமர்வுக்குச் செல்வதில் பயனில்லை. சோதனைப் புள்ளிக்கே ஒரு மாதம், அமர்வுகளுக்குப் பல மாதங்கள் தேவைப்படும். அவர் அந்த மாதத்தில் ஒருமுறை இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு, மழிப்பை நிறுத்தி, இரவிக்கையின் கையை இரண்டு விரல்கடை நீளமாகத் தைக்கச் சொல்வதே எளிது.